வெளிநாட்டு லாரி வேலை: போற செலவை மட்டும் எண்ணாதீங்க

போன மாசம் இந்தப் பக்கத்துல, நான் சவூதியில 9 வருஷம் டிரெய்லர் ஓட்டினதைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான், "வெளிநாட்டுக்கு லாரி ஓட்டப் போக எவ்வளவு பணம் ரெடி பண்ணணும்?" அதனால இந்தத் தடவை மத்த கேள்வியெல்லாம் ஓரமா வச்சுட்டு இதுக்கும் இதை ஒட்டி வந்த கேள்விக்கும் மட்டும் பதில் எழுதறேன்.

"எனக்கு 34 வயசு அண்ணா. 11 வருஷமா நேஷனல் பர்மிட் டிரெய்லர் ஓட்டறேன், சம்பளமும் மிச்சம் பிடிக்கற பேட்டாவும் சேர்த்து வீட்டுக்கு மாசம் 24,000 கொடுக்கறேன். ஒன்பதாவது வரைதான் படிப்பு. சவூதிக்கு ஹெவி டிரைவர் விசா இருக்கு, மாசம் 2,200 ரியால் வரும்னு ஒரு ஏஜென்ட் சொல்றாரு, 1,60,000 கேக்கறாரு. கையில 60,000 இருக்கு, மீதி ஒரு லட்சம் 3 வட்டிக்குக் கிடைக்கும். போலாமா?" (நாமக்கல் வாசகர்)

தம்பி, போலாமா வேண்டாமான்னு அப்புறம் பார்ப்போம், முதல்ல அந்த 1,60,000 எதுக்குன்னு கேட்டீங்களா? நம்ம நாட்டு சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கற ஏஜென்ட் வெளியுறவுத் துறைகிட்ட லைசென்ஸ் வாங்கியிருக்கணும், அவர் உங்ககிட்ட வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் அதிகபட்சம் 30,000, அதுக்கு மேல ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆக 35,400 ரூபாய். அதுக்கும் ரசீது கொடுக்கணும். இ-மைக்ரேட்ங்கற அரசாங்க வெப்சைட்ல ஏஜென்சி பேரைப் போட்டா லைசென்ஸ் உயிரோட இருக்கா, சஸ்பெண்ட் ஆயிருக்கான்னு தெரிஞ்சிடும். சவூதி லேபர் சட்டத்துலயும் விசா செலவு, இகாமா (அங்க தங்கறதுக்கான அடையாள அட்டை), ஒர்க் பர்மிட், வேலை முடிஞ்சா ஊருக்குத் திரும்பற டிக்கெட் எல்லாமே முதலாளி தலையிலதான்னு எழுதியிருக்கு. அப்ப 35,400 போக மிச்சம் ஒண்ணேகால் லட்சம் எதுக்குன்னு அவர்தான் பதில் சொல்லணும், "எல்லாரும் குடுக்கறாங்க"ங்கறது பதில் இல்ல.

ரெண்டாவது, 2,200 ரியால்னு வாயில சொல்றது வேற, கான்ட்ராக்ட்ல எழுதறது வேற. பெரும்பாலும் பேசிக் 1,500, சாப்பாட்டுக்கு 300, மீதி டிரிப் காசு "வரும்". டிரிப் காசு வண்டி ஓடினாத்தான், லோடு இல்லாம யார்டுல நிக்கற நாளுக்கு இல்ல. அதனால நிச்சயமா வர்றது 1,800 ரியால்னு வச்சுக்கிட்டு கணக்கு போடுங்க. நீங்களே சமைச்சு சாப்பிட்டாலும் 450 ஆகும், போன் நெட்டுக்கு 80, சோப்பு டீ முடிவெட்டறதுன்னு 120, பணம் அனுப்பற சார்ஜ் 20. மிச்சம் 1,130. ஒரு ரியால் 23 ரூபாய்னு வச்சா 26,000 கிட்ட. இதுல ஒரு லட்சத்துக்கு 3 வட்டி மாசம் 3,000 போச்சுன்னா வீட்டுக்கு நிக்கறது 23,000. இப்ப நீங்க ஊர்ல இருந்துட்டே 24,000 கொடுக்கறீங்க. பிள்ளைங்க முகத்தைக்கூட பார்க்காம, 48 டிகிரி வெயில்ல ஓட்டி, ஆயிரம் ரூபாய் கம்மியா அனுப்பப் போறீங்க, அசல் ஒரு லட்சம் அப்படியே நிக்குது.

நான் உங்களை போக வேண்டாம்னு தடுக்கல தம்பி. கடன் வாங்கிட்டுப் போகாதீங்கன்னுதான் சொல்றேன், ஏன்னா நான் அப்படித்தான் போனேன். 2006-ல சம்பளம் 1,200 ரியால், அப்ப ஒரு ரியால் 12 ரூபாய் கிட்ட. வீட்டுக்காரியோட தாலிக்கொடிய வச்சு 75,000 வாங்கிட்டுப் போனேன். முதல் கம்பெனியில நாலு மாசம் சம்பளம் வரல. கூட இருந்தவங்கள்ல கடன் இல்லாத ரெண்டு பேரு மூணாவது மாசமே எம்பசிக்குப் போய் நின்னு ஊருக்கு வந்துட்டாங்க, வேற விசாவுல திரும்பவும் போய் நல்லா இருக்காங்க. என்னால அசைய முடியல. ஊருக்கு வந்தா வட்டிக்காரர் வாசல்ல நிப்பாரு, அதனால சம்பளம் இல்லாமயே, டயர் தேய்ஞ்ச வண்டியில, தூக்கம் இல்லாம ரியாத்துக்கும் ஜித்தாவுக்கும் 950 கிலோமீட்டர் ஓட்டிட்டு இருந்தேன். பிரேக் சரியில்லன்னு சொல்லக்கூட பயம், ஓட்டலைன்னா அனுப்பிடுவானோன்னு. அந்தக் கடன் என்னைத் தப்பான வண்டியில உட்கார வச்சுது, இதை ஒருத்தராவது கேட்டுக்கணும்னுதான் இவ்வளவு எழுதறேன்.

சரி, அப்ப எவ்வளவுதான் வேணும்? என் கணக்கு இது. சர்வீஸ் சார்ஜ் 35,400. பாஸ்போர்ட் இல்லைன்னா அதுக்கு 1,500, அப்புறம் மெடிக்கல், சென்னைக்கு நாலஞ்சு தடவை அலையறது, துணி, பெட்டி எல்லாம் சேர்த்து 15,000-க்குள்ள முடிச்சுக்கலாம். கையில 500 ரியால், அதாவது 11,500 ரூபாய். வீட்டுல மூணு மாச செலவு, உங்க வீட்டுக்கு மாசம் 18,000-னு வச்சா 54,000. கடைசியா யாரும் தொடக்கூடாத 35,000, திடீர்னு திரும்பி வரணும்னா டிக்கெட்டுக்கும் ஊர்ல முதல் மாசத்துக்கும். கூட்டினா 1,50,900 வருது. பாருங்க, ஏஜென்ட் கேட்டதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா இதுல அவருக்குப் போறது 35,400 மட்டும்தான், பாதிக்கும் மேல உங்க வீட்டுலயேதான் இருக்கு.

மூணு மாச செலவு எதுக்குன்னா, போய் இறங்கின அன்னிக்கே வண்டி சாவி தரமாட்டாங்க. அங்க மெடிக்கல், இகாமா, அப்புறம் சவூதி ஹெவி லைசென்ஸ், இதெல்லாம் முடியற வரைக்கும் கேம்ப்ல உட்கார்ந்திருக்கணும், இல்ல ஹெல்பர் மாதிரி ஏதாவது வேலை. அந்த நாளுக்கு டிரிப் காசு கிடையாது, சில இடத்துல பேசிக்கூட முழுசா வராது. லைசென்ஸ் வர்றதுக்கு முன்னாடி "சும்மா யார்டுலேருந்து கேட் வரைக்கும்தானே"ன்னு வண்டிய எடுக்கச் சொன்னா எடுக்காதீங்க. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கா, இஸ்திமாரா (வண்டி ஆர்.சி.) தேதி முடியலையான்னு பார்த்துட்டுத்தான் ஸ்டியரிங் தொடணும், ஆள் அடிபட்டு இன்சூரன்ஸ் இல்லாம போச்சுன்னா தியா பணம் (அடிபட்டவர் குடும்பத்துக்குத் தர்ற நஷ்டஈடு) கட்டற வரைக்கும் டிரைவர்தான் ஜெயில்ல இருக்கணும், அந்தத் தொகை நம்ம ஆயுசுக்கும் சம்பாதிக்க முடியாத தொகை. இருட்டுல ஒட்டகம் வேற ரோட்டுக்கு வரும், வெறும் ரோடுன்னு நினைச்சு அசந்துடாதீங்க.

இன்னொண்ணு முக்கியம், நீங்க பத்தாவது பாஸ் இல்ல, அதனால உங்க பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை. சவூதி, கத்தார், ஓமன், மலேசியா மாதிரி 18 நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா குடிபெயர்வோர் பாதுகாவலர் ஆபீஸோட கிளியரன்ஸ் வேணும். அது தொல்லை இல்ல, உங்களுக்குப் பாதுகாப்பு, கான்ட்ராக்ட்டைப் பார்த்துட்டுத்தான் அங்க விடுவாங்க. கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் போடணும், ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூணு வருஷத்துக்கு 375, விபத்துல உயிர் போனாலோ நிரந்தரமா ஊனமானாலோ 10 லட்சம். இதைத் தவிர்க்கறதுக்காக "விசிட் விசாவுல போயிடலாம், அங்க மாத்திக்கலாம்"னு ஒருத்தர் சொன்னாலோ, "ஆசாத் விசா, எங்க வேணா வேலை பார்க்கலாம்"னு சொன்னாலோ, அந்த நிமிஷமே எழுந்து வந்துடுங்க. ஆசாத் விசான்னு சட்டத்துல ஒண்ணு கிடையாது, யாரோ ஒரு கஃபீல் (ஸ்பான்சர் முதலாளி) பேர்ல இருந்துட்டு வேற இடத்துல வேலை செய்யறது, பிடிச்சா ஃபைன், ஜெயில், நாடு கடத்தல்.

சென்னை கிண்டியில தமிழக அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லேருந்து இருக்கு, அங்க பேரைப் பதிஞ்சு வைங்க, டிரைவர் ஆர்டர் வர்றப்ப தெரியும். கொஞ்சம் லேட் ஆகும், பரவால்ல. அந்த நாள்ல மிச்சம் 90,000 சேருங்க. அவசரம்னா வீட்டு நகைய பேங்க்ல வைங்க, 3 வட்டின்னா வருஷத்துக்கு 36 சதவீதம், பேங்க் நகைக்கடன்ல அதுல மூணுல ஒரு பங்குதான் வரும்.

"என் வீட்டுக்காரர் அடுத்த மாசம் துபாய்க்கு டிரெய்லர் ஓட்டப் போறாருங்க. முதல் மாசத்துலேருந்தே 35,000 அனுப்பறேன்னு சொல்லியிருக்காரு, அதை நம்பி 10,000 ரூபாய் சீட்டு ஒண்ணு சேரலாம்னு இருக்கேன். வீட்டுக்கடன் இ.எம்.ஐ. 7,500 போயிட்டு இருக்கு. எப்படி சமாளிக்கறது?" (சங்ககிரி வாசகி)

தங்கச்சி, சீட்டை இப்ப சேராதீங்க. இதை மட்டும் கேட்டுக்கிட்டாக்கூடப் போதும். துபாய்ல நம்ம ஊர் ஹெவி லைசென்ஸை அப்படியே மாத்தித் தரமாட்டாங்க, கிளாஸ் போய் டெஸ்ட் பாஸ் பண்ணி அந்த ஊர் ஹெவி லைசென்ஸ் எடுக்கணும். ஒரு தடவை ஃபெயிலானா திரும்ப கிளாஸ், திரும்ப ஃபீஸ், திரும்ப டேட். அந்தக் காசை கம்பெனி கட்டுதா, கட்டிட்டு மாசாமாசம் சம்பளத்துல பிடிக்குமா, இல்ல இவர்தான் கட்டணுமான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கச் சொல்லுங்க. பிடிப்பாங்கன்னா எத்தனை மாசம், மாசம் எவ்வளவுன்னும் தெரியணும். நான் பார்த்த வரைக்கும் புதுசா போனவரோட முழு சம்பளம் வீட்டுக்கு வர்றது நாலாவது அஞ்சாவது மாசத்துலதான். அவர் பொய் சொல்றாருன்னு அர்த்தம் இல்ல, அவருக்கே அது தெரியாது, ஏஜென்ட் சொன்னதை நம்பி உங்ககிட்ட சொல்றாரு.

அதனால நாலு மாச இ.எம்.ஐ. 30,000 தனியா எடுத்து வைங்க, அது வீட்டுச் செலவுல சேராது. மளிகை, பால், கேஸ், ஸ்கூல் ஃபீஸ் தனிக் கணக்கு. ஸ்கூல் ஃபீஸ் ஜூன்ல மொத்தமா வருமே, அதையும் இப்பவே எண்ணுங்க, நிறைய வீட்டுல அந்த மாசம்தான் உடையுது. திரும்பி வர்றதுக்கான காசு உங்க பேர்ல தனி அக்கவுண்ட்ல இருக்கட்டும், அவர் அங்கேருந்து "அந்தக் காசை எடுத்து அவனுக்குக் குடு, அடுத்த மாசம் போட்டுடறேன்"னு போன் பண்ணுவாரு, குடுக்காதீங்க.

அவர் கிளம்பறதுக்கு முன்னாடி பேங்க்ல என்.ஆர்.ஈ. அக்கவுண்ட் (வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கானது) பத்தி கேட்டு வைங்க, அங்க சம்பாதிக்கறதை அதுல போடலாம், அதோட வட்டிக்கு இங்க வரி கிடையாது. ஊர்ல இருக்கற பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட்டை என்.ஆர்.ஓ.-வா (வெளிநாடு போனவங்களோட உள்ளூர்க் காசுக்கான அக்கவுண்ட்) மாத்தணும். எல்லாத்துலயும் நாமினி உங்க பேரு இருக்கான்னு பாருங்க. பாஸ்போர்ட், விசா, கான்ட்ராக்ட், இன்சூரன்ஸ் பேப்பர், போனதுக்கப்புறம் எமிரேட்ஸ் ஐ.டி., லைசென்ஸ் எல்லாத்துக்கும் ஒரு காப்பி உங்க போன்ல, ஒரு காப்பி பீரோவுல. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா கலெக்டர் ஆபீஸ்ல முதல்ல கேக்கறது அந்தப் பேப்பர்தான். உண்டியல்ல, அதாவது ஹவாலாவுல, அனுப்பினா ரேட் ஜாஸ்தி கிடைக்குதுன்னு ரூம்ல சொல்லுவாங்க, அது சட்டவிரோதம், பணம் வரலைன்னா யார்கிட்டயும் போய் நிக்கமுடியாது. பேங்க் இல்லைன்னா எக்ஸ்சேஞ்ச் வழியா மட்டும் அனுப்பட்டும்.

ஆறு மாசம் தொடர்ந்து பணம் வந்ததுன்னா அப்ப சீட்டு சேருங்க, அதுவும் 5,000 சீட்டு.

"ரிக் லாரி ஓட்டறேங்க, 29 வயசு, பத்தாவது பாஸ், இந்தியா பூரா சுத்தியிருக்கேன். போலந்துல டிரக் டிரைவர் வேலை, மாசம் 2,000 யூரோ, ரூம் ஃப்ரீ, மொத்தம் 5,50,000 ஆகும், நம்ம லைசென்ஸை அங்க போய் மாத்திக்கலாம்னு சொல்றாங்க. இது நிஜமா?" (திருச்செங்கோடு வாசகர்)

வேலை இருக்கறது நிஜம். போலந்து, லிதுவேனியா கம்பெனிங்கதான் ஐரோப்பா பூரா சரக்கு ஏத்தறாங்க, அவங்க ஊர் ஆள் பத்தலை, உக்ரைன், பெலாரஸ், உஸ்பெகிஸ்தான், இப்ப நம்ம ஆளுங்களும் ஓட்டறாங்க. ஆனா "லைசென்ஸ் மாத்திக்கலாம்"ங்கற ஒரு வார்த்தைக்குள்ள எத்தனை மாசமும் எவ்வளவு காசும் ஒளிஞ்சிருக்குன்னு அவங்க சொல்ல மாட்டாங்க.

நம்ம ஹெவி லைசென்ஸ் மட்டும் வச்சுக்கிட்டு அங்க கம்பெனி டிரக் ஓட்ட முடியாது. டிரெய்லருக்கு சி.இ. கேட்டகிரின்னு அந்த ஊர் லைசென்ஸ் வேணும். அதுக்கு மேல கோட் 95-னு ஒண்ணு, தொழில்முறை டிரைவருக்கான டிரெய்னிங், சுருக்கமான கோர்ஸே 140 மணி நேரம், அப்புறம் பரீட்சை, அதுவும் அவங்க வச்சிருக்கற மொழியில. இதுக்கப்புறம், எவ்வளவு நேரம் ஓட்டினோம், நின்னோம்னு பதியற டேக்கோகிராஃப் மெஷின்ல போடற டிரைவர் கார்டு. நாம ஐரோப்பிய யூனியன் ஆள் இல்லாததால கம்பெனி நம்ம பேருக்கு டிரைவர் அட்டெஸ்டேஷன்னு ஒரு சர்டிஃபிகேட்டும் வாங்கணும், இல்லாம பார்டர் தாண்டி சரக்கு ஓட்டக்கூடாது. எல்லாம் முடிய மூணு நாலு மாசம் ஆகும்னு வச்சுக்கோங்க, ஃபெயிலானா இன்னும் ஜாஸ்தி. அந்த மாசங்கள்ல ஓட்டற சம்பளம் இல்ல, சாப்பாடு ரூம் உங்க காசுலயா கம்பெனி காசுலயா? கோர்ஸ் காசை கம்பெனி போட்டா எத்தனை வருஷம் பாண்டு, நடுவுல விட்டா எவ்வளவு திருப்பிக் கட்டணும்? ஏஜென்ட்கிட்ட கேக்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் இல்ல, இதுதான்.

அடுத்து அந்த 2,000 யூரோ. அது ஒரே சம்பளம் இல்லைங்க. 2025-ல போலந்து குறைந்தபட்ச சம்பளம் 4,666 ஸ்லோட்டி (போலந்து நாணயம்), வரி பிடித்தம் போக கையில 3,500 ஸ்லோட்டி கிட்ட வந்தது, யூரோவுல 820-னு வச்சுக்கலாம். நிறைய கம்பெனியில டிரைவருக்கு அடிப்படை சம்பளம் இதை ஒட்டித்தான் இருக்கும், மிச்சம் வெளிநாட்டு ரோட்டுல இருக்கற நாளுக்கு நாள் கணக்குல தர்ற படி. வண்டியில இல்லாத நாளுக்குப் படி இல்ல. ரெண்டு மூணு மாசம் ஓட்டிட்டு மூணு வாரம் லீவுன்னா லீவுக்குக் காசு ரொம்பக் கம்மி, இல்ல இல்லவே இல்ல. அதனால வருஷத்துக்கு 12 மாசம்னு பெருக்காதீங்க, 9 மாசம்னு போடுங்க.

நான் போட்டுப் பார்த்த கணக்கு சொல்றேன். ஓட்டற மாசம் சாப்பாடு, போன், பார்க்கிங்ல குளிக்கற காசு போக 1,300 யூரோ நிக்கும்னு வைங்க, ஓட்டாத மாசம் 500 யூரோ கைக்காசு போகும். முதல் வருஷம் லைசென்ஸ் வேலையிலயும் லீவுலயும் ஆறு மாசம் போயிடும், மிச்சம் ஆறு மாசம் ஓட்டினா 7,800 வரும், அதுல 3,000 செலவாகும், நிக்கறது 4,800 யூரோ. யூரோ 100 ரூபாய்னா 4,80,000. ஏஜென்டுக்குக் கொடுத்த அஞ்சரை லட்சம் முதல் வருஷத்துல திரும்பலை, வட்டிய இன்னும் எண்ணவே இல்ல. ரெண்டாவது வருஷம் ஒன்பது மாசம் ஓட்டினா 11,700, ஓட்டாத மூணு மாசத்துக்கு 1,500, ஊருக்கு வந்துபோக 700, ஆக 9,500 யூரோ நிக்கும். அது நல்ல காசு, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அதுக்கு விசாவும் ரெசிடென்ட் பெர்மிட்டும் ரெண்டாவது வருஷம் தொடரணும், வேலை அதே கம்பெனியில இருக்கணும். அந்த நம்பிக்கைக்குத்தான் அஞ்சரை லட்சம் கட்டறீங்க.

இன்னொரு பக்கம், அங்க டிரைவருக்கு இருக்கற சட்டம் நம்ம ஊர்ல கனவுலகூட வராது. ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்துல ரெண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் நின்னே ஆகணும். ரெண்டு வாரத்துக்கு மொத்தம் 90 மணி நேரம். வாரக் கடைசி 45 மணி நேர ஓய்வை கேபின்ல எடுக்கக்கூடாது, கம்பெனி காசுல ரூம் போடணும். 18 மணி நேரம் ஓட்டிட்டு ஸ்டியரிங் மேலயே தலை வச்சுத் தூங்கின நமக்கு இதைக் கேக்கறப்ப கண்ணு கலங்கும். ஆனா சட்டம் இருக்குங்கறதுக்காக சம்பளம் தானா வந்துடாது. 2023-ல ஜெர்மனியில டார்ம்ஸ்டாட் பக்கத்துல கிராஃபென்ஹவுசன்கற ஹைவே பார்க்கிங்ல, ஒரு போலந்து கம்பெனிக்கு ஓட்டின ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் டிரைவருங்க சம்பள பாக்கிக்காக வண்டிய நிறுத்திட்டு, ஏப்ரல் கடைசி வரைக்கும் வாரக்கணக்குல உட்கார்ந்து, பாக்கிய வாங்கிட்டுத்தான் எழுந்தாங்க. அத்தனை வாரம் சம்பளம் இல்லாம உட்கார முடிஞ்சதுன்னா ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுக்காததுதான் காரணம், பக்கத்து ஊர்க்காரங்க சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாங்க.

நீங்க செய்ய வேண்டியது, கம்பெனி பேரும் கே.ஆர்.எஸ்.ங்கற கம்பெனிப் பதிவு நம்பரும் வாங்குங்க, போலந்து கோர்ட் பதிவேடு ஆன்லைன்ல இலவசமா பார்க்கலாம், அந்தக் கம்பெனி நிஜமா இருக்கா, டிரான்ஸ்போர்ட் தொழில்தான் செய்யுதான்னு தெரியும். ஒர்க் பெர்மிட்ல டிரைவர்னு இருக்கா, இல்ல குடோன் வேலைன்னு இருக்கா பாருங்க. போலந்து அந்த 18 நாடு லிஸ்ட்ல இல்ல, ஆனா ஏஜென்டுக்கு லைசென்ஸ் வேணும்ங்கறதும் 35,400 உச்சவரம்பும் போலந்துக்கும் அதேதான். பணத்தை விசா கைக்கு வர்றதுக்கு முன்னாடி மொத்தமா கொடுக்காதீங்க, கொடுக்கற ஒவ்வொரு ரூபாயும் பேங்க் வழியா போகட்டும், கேஷ் வேண்டவே வேண்டாம்.

"கனடாவுல டிரக் ஓட்ட எல்.எம்.ஐ.ஏ. வாங்கித் தர்றேன், 18 லட்சம்னு ஒருத்தர் சொல்றாரு. நிலத்தை வித்துட்டுப் போலாமான்னு யோசிக்கறேன்." (ராசிபுரம் வாசகர்)

நிலத்தை விக்காதீங்க. எல்.எம்.ஐ.ஏ.ங்கறது "எனக்கு இங்க ஆள் கிடைக்கல"ன்னு முதலாளி அந்த நாட்டு அரசாங்கத்துகிட்ட வாங்கற அனுமதி, அதுக்கு ஃபீஸ் 1,000 டாலர், அதை முதலாளிதான் கட்டணும், தொழிலாளிகிட்ட வசூல் பண்றதே சட்டப்படி தப்பு. உங்க செலவு ஒர்க் பெர்மிட்டுக்கு 155 டாலர், கைரேகைக்கு 85, ஆக 240 கனடா டாலர், நம்ம காசுக்கு 15,000 ரூபாய் கிட்ட. 18 லட்சம் கேக்கறவரு வேலைய விக்கல, ஒரு பேப்பரை விக்கறாரு, அது பொய்யின்னு தெரிஞ்சா உங்களுக்கும் சேர்த்துத் தடை விழும்.

லைசென்ஸும் அங்க புதுசா எடுக்கணும், ஒன்டாரியோவுல 103.5 மணி நேர டிரெய்னிங் 2017-லேருந்து கட்டாயம். 2018-ல சஸ்காட்செவன்ல ஹாக்கி பசங்க போன பஸ்ஸும் ஒரு டிரக்கும் மோதி 16 பேர் செத்தாங்க, டிரக்கை ஓட்டினது இந்தியாவுலேருந்து போன ஒரு இளைஞர், வேலைக்குச் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அதுக்கப்புறம் மத்த சில மாநிலத்துலயும் கட்டாயம் ஆச்சு. பனியில 40 டன் வண்டிய நிறுத்தறது நம்ம ஊர் கைக்குப் பழக்கமில்லாத வேலை, டிரெய்னிங் காசை மிச்சம் பிடிக்க நினைக்காதீங்க. அப்புறம் "நீ ஒரு கம்பெனி பதிவு பண்ணிக்கோ, சம்பளத்துக்குப் பதிலா பில்லு போடு"ன்னு சொல்ற முதலாளிங்க அங்க நிறைய, டிரைவர் இன்க்னு பேரே வச்சிருக்காங்க. அப்படிப் போனா அடிபட்டாலும் வேலை போனாலும் கேக்க நாதி இருக்காது.

"47 வயசு, சுகர் இருக்கு, சின்ன வயசுல டி.பி. வந்து குணமாச்சு. கல்ஃப்ல கடைசியா ஒரு அஞ்சு வருஷம் ஓட்டலாம்னு ஆசை." (பரமத்தி வேலூர் வாசகர்)

அண்ணே, யார்கிட்டயும் ஒரு ரூபாய்கூட கொடுக்கறதுக்கு முன்னாடி நம்ம ஊர் லேப்லயே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே, மூணு மாச சுகர் டெஸ்ட், ஹெபடைட்டிஸ் பி, சி டெஸ்ட் எடுத்துப் பாருங்க. பழைய டி.பி. தழும்பு எக்ஸ்ரேவுல தெரிஞ்சாலே கல்ஃப் மெடிக்கல்ல அன்ஃபிட் போடுவாங்க, இப்ப நோய் இல்லைங்கறதை கேக்க மாட்டாங்க. அந்த மெடிக்கலை ஊர்ல பாஸ் பண்ணினாலும் அங்க இறங்கினதும் திரும்ப ஒரு டெஸ்ட் இருக்கு, அதுல போச்சுன்னா அடுத்த ஃப்ளைட்ல திருப்பி அனுப்பிடுவாங்க, கொடுத்த காசு போனதுதான். தழும்பு தெரிஞ்சா அண்ணே, உள்ளூர்லயே பகல் ஓட்டம் இருக்கற டேங்கர் வேலை ஏதாவது பாருங்க, சுகரோட ராத்திரி ஓட்டம் வேண்டாம்.

"தம்மாம்லேருந்து எழுதறேன் அண்ணா. டிரெய்லர் ஓட்டறேன், மூணு மாசமா சம்பளம் இல்ல. பாஸ்போர்ட் கம்பெனியில. ஊர்ல ஒண்ணரை லட்சம் கடன். ராத்திரியோட ராத்திரியா வேற ஊருக்குப் போயிடலாமான்னு தோணுது." (வாசகர்)

போகாதீங்க தம்பி. ஓடிட்டா கம்பெனி உங்க மேல ஹுரூப், அதாவது வேலையை விட்டு ஓடிட்டான்னு புகார், போட்டுடும், அதுக்கப்புறம் சம்பள பாக்கி கேக்கறதே ரொம்பக் கஷ்டம், எங்க பிடிச்சாலும் ஜெயில்தான். சம்பளம் தரலைங்கறது அவன் தப்பு, அதை உங்க தப்பா மாத்திடாதீங்க.

2021 மார்ச்லேருந்து அங்க ஒரு விதி இருக்கு, தொடர்ந்து மூணு மாசம் சம்பளம் தரலைன்னா முதலாளி சம்மதம் இல்லாமயே வேற கம்பெனிக்கு மாறலாம். அதனால முதல்ல கான்ட்ராக்ட், பேங்க் ஸ்டேட்மெண்ட், டிரிப் ஷீட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பிடுங்க. அப்புறம் லேபர் மினிஸ்ட்ரியில புகார் பதிவு பண்ணுங்க, முதல்ல சமரசம் பேசுவாங்க, அதுக்கு 21 நாள் வரைக்கும் டைம், சரிவரலைன்னா லேபர் கோர்ட்டுக்குத் தானா போகும். கோர்ட் ஃபீஸ் தொழிலாளிக்குக் கிடையாது. பாஸ்போர்ட்டை கம்பெனி பிடிச்சு வைக்கக்கூடாது, அதையும் புகார்ல எழுதுங்க. ரியாத் எம்பசிக்கு, மதத்ங்கற நம்ம வெளியுறவுத் துறை போர்ட்டல்ல ஒரு புகார் போடுங்க, போட்டதுக்கு நம்பர் வரும், வச்சுக்கோங்க. கையில ஒண்ணுமே இல்லைன்னா எம்பசியில இந்திய சமூக நல நிதின்னு இருக்கு, டிக்கெட்டுக்கு அதுலேருந்து உதவி கேக்கலாம், கேக்கறதுல வெக்கம் எதுவும் இல்ல. இந்தியாவுலேருந்து உங்க வீட்டுக்காரங்க கூப்பிட 1800 11 3090, காசில்லாத நம்பர்.

இகாமா எப்ப முடியுதுன்னு அப்ஷர்ங்கற சவூதி அரசாங்க ஆப்ல பாருங்க. சாப்பாட்டுக்கு இருக்கறதை ரூம்ல மூணு நாலு பேரா சேர்த்து சமைங்க. ராத்திரி ஓட்டம் வேண்டாம், மனசு இப்படி இருக்கறப்ப ரோட்டுல கண்ணு நிக்காது. இன்னிக்கே வீட்டுக்குப் போன் பண்ணி நிஜத்தைச் சொல்லிடுங்க தம்பி, நீங்க அனுப்பிடுவீங்கன்னு நம்பி அவங்க அங்க யார்கிட்டயாவது தேதி சொல்லிட்டு இருப்பாங்க.